அப்பச்சி சேர்த்த பழஞ்சாமானை எப்படிப் பங்கு வைப்பது?

வளவுக்காரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, போன ஆடியில் தவறிவிட்டார்கள். உயில் எழுதவில்லை. ஆத்தா இருக்கிறார்கள். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர்: அண்ணன் சென்னை, நான் காரைக்குடி, தங்கச்சி சிங்கப்பூர். வீடு கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில், ஐயா காலத்துக்கும் முந்தியது, பங்காளிகளோடு பொதுவில் இருக்கிறது. அதை இப்போது யாரும் தொடப் போவதில்லை. பேங்க் பணம் சண்டையில்லாமல் பிரிந்துவிட்டது. சாமானில்தான் வந்து நிற்கிறது.

அப்பச்சிக்குப் பழஞ்சாமான் என்றால் பைத்தியம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஊரில் வீடு வீடாக இடித்துத் தேக்குத் தூணையும் நிலையையும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள் இல்லையா, அந்த நேரத்தில் இவர்கள் சைக்கிளில் போய், எடைக்குப் போடுகிற விலையிலேயே ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு வந்து இரண்டாம் கட்டு அறைகளை நிரப்பினார்கள். ரவிவர்மா அச்சுப் படம் நாற்பத்துச் சொச்சம், அதில் சிலவற்றில் லட்சுமியின் சேலைக்கு நிஜத் துணியும் ஜரிகையும் வைத்து ஒட்டியிருக்கும். எனாமல் அடுக்கு, பீங்கான் ஜாடி, பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டி, சுவர்க்கடிகாரம் ஏழு (ஓடுவது இரண்டு), கண்ணாடிச் சட்டம் போட்ட தஞ்சாவூர்க் கிருஷ்ணன் படம் ஒன்று, உள்ளங்கை அளவில் ஒரு தந்தப் பெட்டி, ஒரு சாக்கு நிறையப் பழைய கணக்குப் பேரேடு. முகப்பில் பெல்ஜியம் கண்ணாடி இரண்டு.

அண்ணன் ஒரு கடைக்காரரைக் கூட்டி வந்தார். அவர் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு மொத்தமாக ஆறு லட்சம் என்றார். வாங்கிக்கொண்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வோம் என்கிறார் அண்ணன். தங்கச்சிக்குத்தான் கல்யாணத்தில் சீர் செய்தாயிற்றே என்பது அவர் கட்சி. தங்கச்சிக்குப் பணம் வேண்டாம், கிருஷ்ணனை மட்டும் கொடுங்கள், சிங்கப்பூருக்குக் கொண்டு போகிறேன் என்கிறது. எனக்கோ எதையும் பிரிக்காமல் ஒரே இடத்தில் வைக்க ஆசை. பதினைந்து வருடமாகக் கரையான் பார்த்து, தூசி தட்டி, மழைக்கு ஓடு மாற்றியது நான்தான். ஆனால் மற்றவர்கள் பங்கைப் பணம் கொடுத்து வாங்குகிற நிலையில் நான் இல்லை.

இதில் இன்னொன்று. ஆத்தாவின் சீர்ச் சாமானும் அதே அறைகளில்தான் கலந்து கிடக்கிறது. அண்ணன் போட்ட பட்டியலில் அதுவும் ஏறியிருக்கிறது. ஆத்தாவைக் கேட்டால் "நீங்களே பாத்துக்கங்கப்பா" என்று கொல்லைப் பக்கம் போய்விடுகிறார்கள்.

யாராவது இப்படிப் பங்கு வைத்திருக்கிறீர்களா? எங்கே தொடங்குவது?


பள்ளத்தூர்க்காரி:

தம்பி, விலையை விடுங்கள். முதலில் எது யாருடையது என்று பிரியுங்கள். இதைச் செய்யாமல் எங்கள் வீட்டில் விலை பேசப் போய்த்தான் இன்றைக்கும் பெரியப்பா வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை.

உங்கள் ஆத்தாவின் சீர்ச் சாமான் உங்கள் அப்பச்சியின் சொத்தே இல்லை. அது ஆத்தாவுடையது. அவர்கள் உயிரோடு இருக்கும்போது அதைப் பட்டியலில் ஏற்ற உங்கள் அண்ணனுக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. எது சீர் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். நம் பக்கம் எழுத்து வெட்டாமல் பாத்திரம் கொடுக்க மாட்டார்கள். விளிம்புக்குக் கீழேயோ அடியிலேயோ உங்கள் அம்மான் வீட்டு விலாசம், அதாவது குடும்பப் பெயரெழுத்து, புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். புளி போட்டுத் துலக்கினால்தான் தெரியும், அவ்வளவு கறுத்துப் போயிருக்கும். மரச்சாமானுக்கும் பீங்கானுக்கும் எழுத்து இருக்காது, அதற்குச் சிட்டை, அதாவது சாமான் பட்டியல், வேண்டும். கல்யாணத்தில் சாமான் பரப்பியபோது எழுதிய சிட்டை இரும்புப் பெட்டியில் எங்காவது மடித்து வைத்திருப்பார்கள், தேடுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். "பாத்துக்கங்கப்பா" என்று ஒரு பொம்பளை கொல்லைப் பக்கம் போனால் அதற்கு அர்த்தம் சம்மதம் இல்லை. மூன்று பேரும் பட்டியலும் கையுமாக எதிரே உட்கார்ந்தால் அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். நீங்கள் தனியாக அந்த அறைக்குக் கூட்டிப் போய், ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்துக் கொடுத்துக் கேளுங்கள். எங்கள் ஆத்தா அப்படித்தான், ஒரு வெண்கலக் கும்பாவைக் கையில் வாங்கியதும் அரை நாள் பேசினார்கள்.

எங்கள் வீட்டுக் கதை சுருக்கமாக: எனாமல் அடுக்கு ஒன்று, ஒன்றுக்குள் ஒன்றாகப் பன்னிரண்டு சட்டி. மூன்று பேருக்கு ஆளுக்கு நான்கு என்று சமமாகப் பிரித்தார்கள். கணக்கு சரிதான். இன்றைக்கு மூன்று வீட்டிலும் நடுவில் இடம் விட்டு ஆடுகிற சட்டிகள் இருக்கின்றன, அடுக்கு ஒருவரிடமும் இல்லை.


கோர்ட்டுவாசல்:

மேலே ஆச்சி சொன்னது சட்டப்படியும் சரி. சீர்தனம் அந்தப் பெண்ணின் சொந்தச் சொத்து. புருஷன் வீட்டில் கலந்து கிடப்பதால் குடும்பச் சொத்து ஆகிவிடாது.

மீதியைப் பார்ப்போம். அப்பச்சி சொந்தக் காசில் வாங்கிச் சேர்த்ததற்கு, உயில் இல்லாததால், 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படிதான் பங்கு. மனைவி, மகன்கள், மகள் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்குச் சமம். ஆகவே நான்கு பங்கு. அண்ணன் சொல்கிற "ஆளுக்குப் பாதி" எந்த ஏட்டிலும் கிடையாது. கல்யாணத்தில் செய்த சீரை மகளின் பங்கில் கழிக்கவும் முடியாது. அப்பத்தா இருக்கிறார்களா? இருந்தால் ஐந்து பங்கு. இதை மறந்துவிட்டு எழுதிக்கொள்கிறவர்கள் நிறைய. பிற்பாடு அப்பத்தா காலமானதும் அந்தப் பங்கைக் கேட்டு அத்தைமார் வந்து நிற்பார்கள்.

அந்தப் பெல்ஜியம் கண்ணாடி சுவரில் பதித்ததா, ஆணியில் மாட்டியதா? பதித்தது என்றால் தூண், நிலை மாதிரி அதுவும் வீட்டோடு சேர்த்தி. வீடு பொது என்கிறீர்கள். அப்படியென்றால் அது பங்காளிகளுக்கும் சேர்ந்த சொத்து, நீங்கள் மூன்று பேர் மட்டும் விற்க முடியாது. மாட்டியது என்றால் சாமான் கணக்கு.

தங்கச்சி கேட்கிற கிருஷ்ணன் விஷயத்தில் கவனமாக இருங்கள். படம் நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்றால் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். வீட்டில் வைத்துக்கொள்ளலாம், வாரிசுக்குப் போகலாம், இந்தியாவுக்குள் விற்கலாம். ஆனால் தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டு போக வழியே இல்லை. பெட்டியில் சேலைக்கு நடுவே மறைத்து வைத்துக் கொண்டு போன கதையெல்லாம் கேட்டிருப்பீர்கள், விமான நிலையத்தில் பிடித்தால் அது கேஸ். பழைய ஓவியம், கல் சிலை, உலோகச் சிலை இதையெல்லாம் பதிவு செய்திருக்கவும் வேண்டும், கை மாறினால் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அப்பச்சி பதிவுச் சான்று ஏதாவது வாங்கி வைத்தார்களா என்று பாருங்கள். அவ்வளவு பழசு இல்லை என்று தோன்றினால் தொல்லியல் துறையிடம் காட்டி 'இது தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்கிக்கொண்டு தங்கச்சி தாராளமாகக் கொண்டு போகட்டும்.

தந்தப் பெட்டி இன்னும் சிக்கல். தந்தத்தை விற்கவே முடியாது. கடைக்காரர் ஆறு லட்சத்தில் அதையும் சேர்த்திருந்தால் உடனே வெளியே எடுத்து வையுங்கள். வன உயிரினச் சட்டப்படி உடைமைச் சான்று இருந்தால் வாரிசுக்குப் போகலாம், வாரிசாகப் பெற்றவர் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆடியில் தவறினார்கள் என்கிறீர்கள், நாள் எண்ணிப் பாருங்கள். சான்றே இல்லை என்றால் யாருக்கும் கொடுக்காமல் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

வரி பற்றி ஒரே ஒரு வார்த்தை. வாரிசாக வருவதற்கு வரி இல்லை, அந்தக் காலத்து எஸ்டேட் வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். விற்கும்போதுதான் வரும். வீட்டில் புழங்கிய அண்டா குண்டானுக்கு வராது. நகை, ஓவியம், சிலை, கலைப்பொருள் விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு, இப்போது நீண்டகால விகிதம் 12.5 சதவீதம். அப்பச்சி வாங்கியது 2001 ஏப்ரலுக்கு முன் என்பதால் 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை கையில் இருப்பது நல்லது.


தெருக்கடை:

நான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடை வைத்திருந்தவன், இப்போது பையன் பார்க்கிறான். எங்கள் ஆட்களைப் பற்றி நானே சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். அரை மணி நேரத்தில் மொத்த விலை சொன்னார் என்றால் அவர் மொத்தத்தையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். நாலைந்து சாமானைப் பார்த்து முடிவு செய்துவிட்டார், மீதி அவருக்கு இலவசம். நானும் அப்படி வாங்கியிருக்கிறேன். தப்பு என்று சொல்ல மாட்டேன், அது வியாபாரம். எங்களுக்கு இடவாடகை இருக்கிறது, ரிப்பேர் இருக்கிறது, ஒரு பீரோ மூன்று வருடம் கடையிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் அது *பங்கு வைப்பதற்கான* விலை இல்லை. இரண்டுக்கும் ஒரே விலை என்று நினைத்துத்தான் குடும்பங்கள் ஏமாறுகின்றன.

ரவிவர்மா படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றாமல் டார்ச் அடித்துக் கீழ் ஓரத்தைப் பாருங்கள். அச்சகத்தின் பெயர் இருக்கும். 1894-ல் பம்பாயில் தொடங்கி அப்புறம் லோணாவ்லா பக்கம் போன அச்சகம் அது. அந்த எழுத்து இருக்கிற படத்துக்கும், பின்னால் அதைப் பார்த்து மற்றவர்கள் போட்ட மறுபதிப்புக்கும் விலையில் சம்பந்தமே இல்லை. சட்டத்துக்கு அளவு சரியாக வரவில்லை என்று அந்த ஓரத்தையே கத்தரித்து வைத்திருக்கிற வீடுகளும் உண்டு, பார்த்தால் வயிறு எரியும். ஜரிகை ஒட்டிய படத்தைத் தொட வேண்டாம். தஞ்சாவூர்ப் படத்தை ஈரத் துணியால் துடைக்காதீர்கள், புதுசாக வண்ணம் பூசித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எனாமலுக்கு அடி முத்திரை பாருங்கள், சுவீடன் என்றால் தனியாக வையுங்கள். அடுக்கைப் பிரிக்கக் கூடாது என்று ஆச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. மூடியில்லாத ஜாடியும் அப்படித்தான், மூடி வேறு ஜாடியில் உட்கார்ந்திருக்கும், முதலில் ஜோடி சேருங்கள்.


சும்மாபடிப்பவன்:

பதினைந்து வருடம் தூசி தட்டியதற்குத் தனிப் பங்கு எதிர்பார்க்கிறீர்களா என்ன? கேள்வியில் அந்த வாடை அடிக்கிறது.


வளவுக்காரன்:

வாடை அடித்தது உண்மைதான், மறைக்கவில்லை. ஓடு மாற்றிய செலவுக்கு ரசீது இருக்கிறது, அது மட்டும் கேட்கலாமா?

அப்பத்தா இல்லை, அப்பச்சிக்கு முன்பே போய்விட்டார்கள். கண்ணாடி இரண்டும் சுவரில் பதித்ததுதான். அண்ணனிடம் சொன்னேன், பத்து நிமிடம் பேசவே இல்லை.


கோர்ட்டுவாசல்:

செலவைக் கேட்கலாம், ரசீதோடு கேளுங்கள். உழைப்புக்குச் சட்டம் ஒன்றும் தராது, உடன்பிறந்தவர்கள் மனசு வைத்தால் உண்டு. ஆனால் ஓடு பொது வீட்டினுடையது, அதில் பங்காளிகள் பாகமும் வரும்.


கோட்டையூர்ப் பேரன்:

எல்லோரும் கிருஷ்ணனையும் ரவிவர்மாவையும் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்தப் பேரேட்டுச் சாக்குதான் கண்ணில் நிற்கிறது. அது எங்கே இப்போது? தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பர்மா, மலேயா லேவாதேவிக் கணக்கு என்றால் அதில் ரங்கூன் கடை ஆள்கள், வட்டி, நெல் நிலம், ஊர்க் கோயிலுக்கு அனுப்பிய மகமை எல்லாம் இருக்கும். ஆவணம் என்றால் எழுபத்தைந்து வருடம் தாண்டினாலே தொல்பொருள் கணக்கில் வரலாம்.

எங்கள் ஊரில் ரோஜா முத்தையா செட்டியார் இருந்தார்கள். புத்தகம், நாடக நோட்டீசு, பத்திரிகை, கல்யாண அழைப்பிதழ் என்று ஒன்றை விடாமல் சேர்த்தார்கள். 1992-ல் அவர்கள் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் குடும்பத்தாரிடமிருந்து மொத்தத் தொகுப்பையும் வாங்கியது, ஆனால் கடல் தாண்டிக் கொண்டு போகாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆனது அப்படித்தான். பிள்ளைகளுக்கு ஆளுக்கு நாலு பீரோ என்று பிரித்திருந்தால் இன்றைக்கு யாராவது அங்கே போய்ப் படிக்க முடியுமா?

உங்கள் வீட்டுச் சாமானும் அந்த அளவு என்று சொல்ல வரவில்லை. பேரேட்டை மட்டும் யார் பங்கிலும் சேர்க்காமல், நான்கு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு நூலகத்துக்குக் கொடுப்பது பற்றி யோசியுங்கள். விலை போகாத சாமான் என்பதால் அண்ணனும் மறுக்க மாட்டார்.


பள்ளத்தூர்க்காரி:

பங்கு வைக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன், சின்ன ஐயா வீட்டில் இப்படித்தான் செய்தார்கள், ஒருவரும் முகத்தைத் தூக்கவில்லை. மதிப்பீட்டாளர் விலை எழுதிய பிறகு, விலையில் ஏறக்குறைய சமமாக நான்கு குவியல் வையுங்கள். அடுக்கு, ஜோடி எதுவும் உடையக் கூடாது. குவியல் வைக்கிற வேலையை உங்கள் அண்ணனிடம் கொடுங்கள், எடுப்பதில் அவர் கடைசி. எது தனக்கு மிஞ்சும் என்று தெரியாதவன் ஓரவஞ்சனை செய்ய மாட்டான். மற்ற மூன்று பேருக்கும் சாமி முன்னால் திருவுளச்சீட்டு. எடுத்த பிறகு, உனக்கு இது எனக்கு அது என்று மாற்றிக்கொள்ள ஒரு வாரம் விடுங்கள். குறைவு நிறைவு இருந்தால் பணமாகக் கொடுத்துக்கொள்ளுங்கள், உடனே முடியாவிட்டால் தவணை எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் போட்டோ எடுத்து எண் போட்டு, நான்கு பேரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள்.

ஆத்தாவின் குவியல் ஆத்தாவுடையது. "நமக்குத்தானே வரப் போகிறது" என்று அதையும் அப்போதே பிரித்துக்கொள்ளாதீர்கள்.


கோர்ட்டுவாசல்:

அசையும் பொருளுக்கு அந்தக் கையெழுத்துப் பட்டியல் போதும், பதிவு வேண்டாம். வீட்டில் உள்ள பங்கையும் யாராவது விட்டுக்கொடுக்கிறார்கள் என்றால் மட்டும் அதற்குத் தனியாகப் பதிவுப் பத்திரம்.


வளவுக்காரன்:

பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

சிட்டை கிடைத்தது. இரும்புப் பெட்டியில் இல்லை, ஆத்தாவின் கைப்பெட்டியில், அடித்தட்டில் விரித்திருந்த பட்டுத்துணிக்குக் கீழே. நாலு பக்கம், ஊதா மை, அம்மான் வீட்டுக் கணக்குப்பிள்ளை எழுத்து. ஆத்தாவைத் தனியாக அறைக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். சிட்டையைப் பார்க்காமலே வரிசை வரிசையாகச் சொன்னார்கள், நான் சிட்டையில் சரிபார்த்தேன். மூன்று சாமான்தான் மாறியது. அதில் ஒன்று சிட்டையில் இருக்கிறது, வீட்டில் இல்லை. அப்பச்சி ஒரு கஷ்டத்தில் விற்றார்களாம், அது எங்கள் யாருக்கும் தெரியாது.

சீர்ச் சாமானைத் தனி அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை ஆத்தா இடுப்பில் செருகிக்கொண்டார்கள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, அண்ணமிண்டிதான் (அண்ணன் மனைவி) "இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்" என்றார்கள். கிருஷ்ணனுக்குப் பதிவுச் சான்று அகப்படவில்லை, வயதை முதலில் காட்டித் தெரிந்துகொள்ளப் போகிறோம். பழசு என்றால் தங்கச்சி பெயரிலேயே இருக்கட்டும், என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கட்டும் என்று அதுவே சொல்லிவிட்டது. தந்தப் பெட்டிக்கு வக்கீலைப் பார்த்தாயிற்று. பேரேட்டுக்கு நான்கு பேரும் சரி என்கிறோம். குவியல் வைக்க அண்ணன் கார்த்திகையில் வருகிறார்.

ஒரே ஒரு சந்தேகம், தெருக்கடை ஐயாவுக்கு. அப்பச்சி வாங்கியதில் ஓடாத கடிகாரம் ஒன்றைக் காட்டி, தன் பங்கில் அது வர வேண்டும் என்று ஆத்தா கேட்கிறார்கள். அண்ணன் முதல் பையன் பிறந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்த கடிகாரமாம். அது ஓடினால் நன்றாக இருக்கும். அண்ணன் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்ப்போம் என்கிறார்.


தெருக்கடை:

ஐயோ, எண்ணெய் விட வேண்டாம்! தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். சாவியையும் முறுக்கிப் பார்க்காதீர்கள், சுருள் வில் தெறித்தால் விரல் போகும். பெண்டுலத்தைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு, கடிகாரத்தைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே காரில் கொண்டு வாருங்கள். பையன் கடையில் இருப்பான், வெள்ளிக்கிழமை மட்டும் மதியத்துக்கு மேல்.